கைனெசின் நடக்கும் வீடியோ: செல்லுக்குள் உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா?

பம்புக்காரன்

வணக்கம். எனக்கு உயிரியல் பள்ளிக்கூடத்தோடு சரி. பிழைப்பு பம்பும் குழாயும். எந்தத் திரவம், எவ்வளவு தூரம், எந்த விட்டத்தில் குழாய், எத்தனை குதிரைத் திறன் என்பதுதான் இருபது வருடமாக நான் போடும் கணக்கு. அதனால் கேள்வி கொஞ்சம் அசட்டுத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் மகள் ஒரு வீடியோ காட்டினாள். இரண்டு கால் முளைத்த ஒரு புரதம், தன்னைப் போல் பல மடங்கு பெரிய ஒரு பையைத் தலையில் தூக்கிக்கொண்டு, கயிறு மாதிரி ஒன்றின் மேல் நிதானமாக நடந்து போகிறது. பெயர் கைனெசின் என்றாள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

முதல் சந்தேகம், அந்த வீடியோவில் தண்ணீரே இல்லை. செல் என்றால் முக்கால்வாசி தண்ணீர் என்றுதானே படித்தோம்? அவ்வளவு சின்னப் பொருளுக்குத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ரெனால்ட்ஸ் எண்ணைப் (ஓட்டத்தில் உந்தம் ஜெயிக்கிறதா, திரவத்தின் பிசுக்கு ஜெயிக்கிறதா என்று சொல்லும் எண்) போட்டுப் பார்த்தேன். வந்தது அவ்வளவு சின்ன எண், பார்த்ததும் எங்கேயோ தசமப் புள்ளியைத் தவற விட்டேன் என்று நினைத்து மூன்று முறை திரும்பப் போட்டேன். அதேதான் வந்தது.

இரண்டாவது, செல் ஒரு தொழிற்சாலை என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தொழிற்சாலை என்றால் குழாய் வரைபடம் என்று ஒன்று இருக்கும். பம்பு எங்கே, வால்வு எங்கே, எந்தப் பொருள் எந்த வழியாக எங்கே போகிறது என்று ஒரே தாளில் காட்டிவிடலாம். செல்லுக்கு அப்படி ஒன்றைத் தேடித் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒரு புரதம் தான் போக வேண்டிய இடத்தை எப்படித் தெரிந்துகொள்கிறது? செல்லின் சுவரில் ஒரு செய்தி வந்து தட்டினால் அது நடுவில் இருக்கும் உட்கருவுக்கு யார் மூலம் போகிறது? எல்லாவற்றுக்கும் அந்த இரண்டு கால் ஆசாமிதானா?

இடுக்கிக்காரி

உங்கள் ரெனால்ட்ஸ் எண் சரிதான், தசமப் புள்ளி எங்கேயும் போகவில்லை.

நான் ஆறு வருடம் கைனெசினோடு குடித்தனம் நடத்தியவள். ஒளி இடுக்கி என்று ஒரு கருவி உண்டு. அகச்சிவப்பு லேசரைக் குவித்து, அரை மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு மணியை அந்தக் குவியத்தில் பிடித்து வைக்கலாம். இதைக் கண்டுபிடித்த ஆர்தர் ஆஷ்கினுக்கு 2018-ல் நோபல் கொடுத்தார்கள். அந்த மணியில் ஒரே ஒரு கைனெசினை ஒட்டி, கண்ணாடியில் படுக்க வைத்த நுண்குழல் (நீங்கள் வீடியோவில் பார்த்த கயிறு) மேல் இறக்கிவிட வேண்டும். அது நடந்தால் மணியும் நகரும். மணி எவ்வளவு நகர்ந்தது என்பதை நானோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். இதுதான் என் வேலை.

முதல் நாள் எனக்குத் திரையில் தெரிந்தது நடை இல்லை, நடுக்கம். மணி ஒரு கணம்கூட நிற்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. மேசை அதிர்கிறதோ என்று கையை வைத்துக்கூடப் பார்த்தேன். பிறகுதான் கணக்குப் போட்டேன். என் இடுக்கியின் விறைப்பு நானோமீட்டருக்கு 0.05 பிக்கோநியூட்டன். அறை வெப்பத்தில் தண்ணீர் மூலக்கூறுகள் முட்டுவதாலேயே மணி 9 நானோமீட்டர் அளவுக்கு ஆட வேண்டும். கைனெசினின் ஓர் அடி 8 நானோமீட்டர். அதாவது நான் அளக்க வேண்டிய அடியைவிட ஆட்டம் பெரியது! கைனெசின் மணியை இழுத்துக் கட்டு இறுகும்போது ஆட்டம் கொஞ்சம் அடங்கும். அப்போதுதான் படிக்கட்டு மாதிரி அடிகள் தெரியும். 1993-ல் இந்த 8 நானோமீட்டர் படிகளை முதலில் பதிவு செய்தவர்கள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த மரியாதை இன்னும் குறையவில்லை.

நீங்கள் பார்த்த வீடியோவில் இந்த ஆட்டத்தை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டார்கள். தண்ணீரையும் எடுத்துவிட்டார்கள், பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் ஆயிரக்கணக்கான புரதங்களையும் எடுத்துவிட்டார்கள். எடுக்காவிட்டால் ஒன்றுமே தெரியாது, அது அவர்கள் தரப்பு நியாயம். ஆனால் எடுத்துவிட்ட அந்தக் குப்பையில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது.

முதலில் தண்ணீரை முடித்துவிடுவோம். உங்கள் பம்பை நிறுத்தினால் குழாயில் தண்ணீர் கொஞ்ச நேரம் தன் வேகத்திலேயே ஓடும், இல்லையா? நீந்திக்கொண்டிருக்கும் ஒரு பாக்டீரியா நீந்துவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் சறுக்கிப் போகும் என்று எட்வர்ட் பர்செல் என்ற இயற்பியலாளர் 1977-ல் கணக்குப் போட்டுக் காட்டினார். ஓர் அணுவின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு. அவ்வளவுதான், நின்றுவிடும். புரதம் அதைவிடவும் சின்னது. நடுத்தர அளவுள்ள ஒரு புரதம் வெப்பத்தினால் நொடிக்குப் பதினேழு மீட்டர் வேகத்தில் பாய்கிறது. கிட்டத்தட்ட நெடுஞ்சாலையில் போகும் லாரி வேகம். ஆனால் ஓர் அணுவின் அகலம்கூடப் போவதற்குள் முட்டுப்பட்டுத் திசை மாறிவிடுகிறது. அடுத்த கணம் வேறு திசை, அதற்கடுத்த கணம் இன்னொரு திசை. இதற்குப் பெயர் விரவல். செல்லுக்குள் பெரும்பாலான போக்குவரத்து இதுதான். பம்பு கிடையாது, வால்வு கிடையாது, வரைபடம் கிடையாது. யாருக்கும் எங்கே போகிறோம் என்று தெரியாது.

இப்படிக் கண்மண் தெரியாமல் அலைந்து எந்தக் காரியம் நடக்கும் என்று கேட்பீர்கள். அளவைப் பொறுத்தது. கணக்கு எளிதுதான்: தூரத்தை வர்க்கப்படுத்தி, விரவல் கெழுவின் (ஒரு பொருள் எவ்வளவு சுறுசுறுப்பாக விரவுகிறது என்று சொல்லும் எண்) இரண்டு மடங்கால் வகுத்தால் நேரம் வரும். ஒளிரும் பச்சைப் புரதம் ஒன்று இருக்கிறது. அதன் விரவல் கெழு தண்ணீரில் நொடிக்கு 87 சதுர மைக்ரோமீட்டர். விலங்குச் செல்லுக்குள் 25 போல. ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் 8 அளவுக்கு இறங்கிவிடுகிறது, ஏனென்றால் உள்ளே லிட்டருக்கு முந்நூறு கிராம் என்ற கணக்கில் பெரிய மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. தோராயமாக 10 என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு மைக்ரோமீட்டர் போக: 0.05 நொடி.
பத்து மைக்ரோமீட்டர்: 5 நொடி.
ஒரு மில்லிமீட்டர்: 14 மணி நேரம்.
ஒரு சென்டிமீட்டர்: சுமார் இரண்டு மாதம்.
ஒரு மீட்டர்: 1,600 வருடம்.

முதல் இரண்டு வரியைப் பாருங்கள். பாக்டீரியாவின் நீளமே ஒன்றிரண்டு மைக்ரோமீட்டர். அங்கே ஒரு புரதம் கண்ணை மூடிக்கொண்டு அலைந்தாலே ஒரு நொடிக்குள் வீடு முழுக்கச் சுற்றி வந்துவிடும். வழி தெரிய வேண்டிய அவசியமே இல்லை. கடைசி வரி எங்கே வரும் தெரியுமா? உங்கள் முதுகுத்தண்டின் அடியிலிருந்து கால் பெருவிரல் வரை போகும் நரம்புச் செல்லின் ஆக்ஸான், அதாவது அதன் நீண்ட வால், கிட்டத்தட்ட ஒரு மீட்டர். அது ஒரே செல். நுனிக்குத் தேவையான புரதங்களில் பெரும்பாலானவை முதுகுப் பக்கம்தான் தயாராகின்றன. விரவலை நம்பினால் ராஜராஜ சோழன் காலத்துக்கு முன்பே அனுப்பியிருக்க வேண்டும். அங்கேதான் கைனெசின் வருகிறது. 1985-ல் அதை முதலில் பிரித்தெடுத்ததும் கணவாயின் ராட்சத ஆக்ஸானில் நடந்த ஆராய்ச்சியில்தான்.

முகவரி விஷயம். நுண்குழலுக்குத் திசை உண்டு. ஒரு நுனி மற்ற நுனி மாதிரி இருக்காது. கைனெசின்களில் பெரும்பாலானவை வெளிப்பக்கம் நோக்கிப் போகும், டைனீன் என்ற இன்னொரு மோட்டார் உட்பக்கம் வரும். அவைகளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றபடி முகவரி சரிபார்ப்பு எல்லாம் வாசலில். உட்கருவின் துளைகளில் எத்தனையோ புரதங்கள் வந்து முட்டுகின்றன. பெரிய புரதம் என்றால் உடம்பில் அதற்கான சிறு அடையாளத் தொடர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். இல்லாதது முட்டிவிட்டுத் திரும்பிப் போகும். வழியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

சுவரில் வந்து தட்டும் செய்திக்கு ஒரு கணக்கு சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு மைக்ரோமீட்டர் ஆரமுள்ள உருண்டைச் செல். அதன் மேல் ஒரு நானோமீட்டர் ஆரத்தில் சின்னச் சின்ன ஏற்பிகள். வெளியிலிருந்து அலைந்து வரும் மூலக்கூறுகளை, செல்லின் மேற்பரப்பு முழுவதும் ஏற்பியாகவே இருந்தால் எவ்வளவு பிடிக்குமோ அதில் பாதியைப் பிடிக்க எத்தனை ஏற்பி வேண்டும்? ஹோவர்ட் பெர்க்கும் அதே பர்செலும் கொடுத்த சூத்திரத்தில் போட்டால் சுமார் 3,100 வருகிறது. பரப்பில் பார்த்தால் 0.08 சதவீதம்! மீதி 99.92 சதவீதமும் காலி, வேறு ஏற்பிகளுக்கு வாடகைக்கு விடலாம். இது எப்படி முடிகிறது என்றால், அலைந்து வரும் மூலக்கூறு சுவரில் ஒரு தடவை முட்டிவிட்டுப் போய்விடாது. அதே இடத்தைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கான தடவை முட்டும். குறி பார்த்து வராததால்தான் அத்தனை தடவை முட்டுகிறது.

கடைசியாக ஒரு சொந்தக் கதை. ஒரு முறை இரண்டு வாரம் ஒரு கைனெசினும் நகரவில்லை. புரதம் கெட்டுவிட்டது என்று புதிதாகச் செய்தேன், நகரவில்லை. கைனெசினுக்கு எரிபொருளான ஏடிபி பழசு என்று மாற்றினேன், நகரவில்லை. கடைசியில் பார்த்தால், நுண்குழல் கலையாமல் இருக்கச் சேர்க்க வேண்டிய டாக்ஸாலைக் கழுவும் கரைசலில் போட மறந்திருக்கிறேன். ஒவ்வொரு முறை கழுவும்போதும் பாதையே கரைந்து போய்க்கொண்டிருந்தது. நான் நடக்கிறவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கணக்குப்பிள்ளை

நல்ல பதில். ஆனால் ஓர் இடத்தில் இடிக்கிறது. கைனெசின் நொடிக்கு நூறு அடி, அடிக்கு 8 நானோமீட்டர் என்றால் நொடிக்கு 0.8 மைக்ரோமீட்டர். ஒரு நாளைக்கு 7 சென்டிமீட்டர்கூட முழுதாக வராது. ஆனால் நரம்பில் வேகமான போக்குவரத்து நாளுக்கு 40 சென்டிமீட்டர் வரை போகிறது என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. ஆறு மடங்கு எங்கே போனது?

இன்னொன்று. ஒரு கைனெசின் சராசரியாக ஒரு மைக்ரோமீட்டர் நடந்ததும் பாதையை விட்டுக் கழன்று விழுந்துவிடும் என்று படித்திருக்கிறேன். ஒரு மீட்டர் போக வேண்டியவன் ஒரு மைக்ரோமீட்டரில் விழுந்தால் எப்படி?

இடுக்கிக்காரி

பிடித்துவிட்டீர்கள். நீங்கள் சொன்ன நூறு அடி எல்லாம் ஆய்வகக் கண்ணாடித் தகட்டில், அறை வெப்பத்தில், ஒரு வகைக் கைனெசினுக்கு. உடல் 37 டிகிரி. அங்கே எல்லாமே வேகம். தவிர கைனெசின் ஒரு பெரிய குடும்பம். நரம்பில் சரக்குப் பைகளை இழுக்கும் கைனெசின்-3 வகையறா, நான் வைத்திருந்ததைவிட நன்றாகவே ஓடும்.

விழுவது உண்மை. நூறு அடி நடந்தால் ஒரு விழுகை. ஆனால் ஒரு பையில் ஒரே மோட்டார் இருப்பதில்லை. ஒன்று கழன்றாலும் மற்றது பிடித்துக்கொண்டிருக்கும், கழன்றது திரும்பவும் வந்து ஒட்டும். எல்லாமே கழன்றாலும் பை எங்கே போகப் போகிறது? அந்த நெரிசலில் அது மெதுவாகத்தான் அலையும். பக்கத்திலேயே இன்னொரு நுண்குழல் இருக்கும்.

கைனெசினை மேலே நடக்க விடாமல் நிறுத்தும் எதிர்விசை சுமார் 6 பிக்கோநியூட்டன். அதை 8 நானோமீட்டரால் பெருக்கினால் 48 அலகு (பிக்கோநியூட்டன்-நானோமீட்டர்) வேலை. ஓர் அடிக்கு ஓர் ஏடிபி, அதிலிருந்து கிடைப்பது 80 முதல் 100 அலகு. பம்புக்காரன் ஐயா, பாதி தேறுகிறது. உங்கள் சின்ன பம்புகள் எவ்வளவு தேறும் என்று சொல்லுங்கள், தெரிந்துகொள்ள ஆசை. இத்தனைக்கும் அந்த ஓர் ஏடிபியின் ஆற்றல், சுற்றியுள்ள தண்ணீர் சும்மா முட்டும் ஆற்றலைப் போல் இருபது இருபத்தைந்து மடங்குதான். சூறாவளிக்குள் சைக்கிள் ஓட்டுவது மாதிரி. இன்னும் சொல்லப்போனால் பின்காலை முன்னால் கொண்டுபோய் வைப்பதில் பெரும்பகுதி வேலையை அந்தச் சூறாவளிதான் செய்கிறது. ஏடிபி செய்வது, சரியான பக்கம் விழுந்த காலைத் திரும்ப விடாமல் தாழ்ப்பாள் போடுவது.

பாசிக்காரர்

நான் உயிரியல் ஆசிரியர். பம்பே கிடையாது என்று அம்மா ஒரேயடியாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு சின்னத் திருத்தம் அனுமதிக்க வேண்டும்.

குளத்தில் காரா என்று ஒரு பாசி வளரும். அதன் கணுவிடைச் செல் ஒவ்வொன்றும் சில சென்டிமீட்டர் நீளம். விரலால் தொட்டு எடுக்கலாம், ஒற்றைச் செல்! சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே சைட்டோபிளாசம், அதாவது செல்லுக்குள் இருக்கும் கூழ், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி ஓடிக்கொண்டே இருப்பது கண்ணுக்குத் தெரியும். 1774-லேயே போனவென்தூரா கோர்த்தி இதைப் பார்த்து எழுதிவிட்டார். நொடிக்கு 50 முதல் 100 மைக்ரோமீட்டர். மையோசின் என்ற மோட்டார் புரதங்கள் ஆக்டின் என்ற புரதக் கம்பிகள் மேல் ஓடும்போது தங்களோடு சுற்றியுள்ள திரவத்தையும் இழுத்துக்கொண்டு போகின்றன.

5 சென்டிமீட்டர் செல்லை விரவல் கணக்கில் போட்டால் நான்கு வருடம் வருகிறது. ஓட்டத்தில் 50 மைக்ரோமீட்டர் வேகத்துக்கே பதினேழு நிமிடம். மாணவர்களிடம் இதைச் சொல்லும்போது ஒருத்தி கேட்டாள்: "செடி நான்கு வருடம் காத்திருக்காதா சார்?" பாசிக்கு ஆயுள் அவ்வளவு கிடையாது என்றேன்.

செய்தி போகும் விஷயத்தில் இன்னொரு வழியும் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. மீன் முட்டையில் விந்தணு நுழைந்ததும் அந்த இடத்திலிருந்து கால்சியம் அலை கிளம்பி முட்டையின் மறுபக்கம் வரை போகும். கால்சியம் பட்டால் ஒளிரும் ஒரு ஜெல்லிமீன் புரதத்தை முட்டைக்குள் செலுத்தி, 1970-களின் இறுதியில் இந்த அலையைப் படமே பிடித்தார்கள். வேகம் நொடிக்குச் சுமார் 10 மைக்ரோமீட்டர். முட்டை ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். இரண்டு நிமிடத்தில் மறுகரை. கால்சியம் சும்மா விரவினால் வழியில் புரதங்கள் பிடித்துப் பிடித்து விடுவதால் பதினைந்து மணி நேரம் ஆகும். இங்கே எந்தக் கால்சியம் அயனியும் மறுகரை வரை பயணம் செய்வதில்லை. தீக்குச்சிகளை நெருக்கமாக வரிசையாக நட்டு முதல் குச்சியைப் பற்ற வைப்பது மாதிரி. முட்டைக்குள் இருக்கும் ஒரு கால்சியக் கிடங்கு திறந்து கொட்டும் கால்சியம் பக்கத்துக் கிடங்கைத் திறக்கும், அது அடுத்ததை. ஒவ்வொரு தாவலும் சின்னது, சின்னத் தூரத்துக்கு விரவல் வேகமானது. வர்க்கக் கணக்கு உடைந்து, இரண்டு மடங்கு தூரத்துக்கு இரண்டு மடங்கு நேரம் என்று ஆகிவிடுகிறது.

இடுக்கிக்காரி

காராவை மறந்தது என் தப்புதான் சார். விலங்குச் செல்லிலேயே வாழ்ந்தால் இப்படித்தான் ஆகும்.

பம்புக்காரன்

எல்லாருக்கும் நன்றி. சின்ன பம்பு விஷயம்: பாதி தேறினால் நாங்கள் சந்தோஷப்படுவோம் அம்மா, அதற்கு மேல் கேட்க வேண்டாம்.

இரண்டு நாளாக வேறு வேலை ஓடவில்லை. கணினியில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒரு கோட்டின் தொடக்கத்தில் ஆயிரம் புள்ளிகள். ஒவ்வொன்றும் காசு சுண்டிப் பார்த்து இடமோ வலமோ ஓர் அடி போகும். பத்து மைக்ரோமீட்டர் தள்ளி ஒரு கோடு, அதை முதலில் தொடுவது எது, எப்போது என்று மட்டும் பார்த்தேன். அம்மா சொன்ன கணக்குப்படி 5 நொடி. ஆனால் ஆயிரத்தில் முதல் ஆள் அரை நொடிக்குள்ளேயே வந்துவிடுகிறான். நிரல் தப்பு என்று முதலில் நினைத்தேன், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் கிட்டத்தட்ட அப்படியேதான் வருகிறது.

சரி, ஆள் பலத்தைக் கூட்டினால் இன்னும் சீக்கிரம் வரும்தானே என்று பத்து லட்சம் புள்ளிகள் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டேன். காலையில் பார்த்தால் 0.2 நொடி. ஆயிரம் மடங்கு ஆளைக் கூட்டியதற்குப் பாதி நேரம்தான் மிச்சம். இது சரியா?

கணக்குப்பிள்ளை

சரி. முதல் ஆளின் நேரம் எண்ணிக்கையின் மடக்கையைப் பொறுத்துக் குறையும். ஆயிரத்துக்கு மடக்கை மூன்று, பத்து லட்சத்துக்கு ஆறு. ஆறு மூன்றைப் போல இரண்டு மடங்கு. அதனால் நேரம் பாதி. உங்கள் நிரலில் தப்பு இல்லை.

பம்புக்காரன்

அப்படியானால் ஒரு மூலக்கூறு வந்து தட்டினாலே போதும் என்கிற செய்திக்குச் செல் 5 நொடி காத்திருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேரை ஒன்றாக அவிழ்த்துவிட்டால் போதும். பத்து லட்சம் பேர் வீண் செலவு. இன்றைக்கு ராத்திரி கோட்டுக்குப் பதில் உருண்டை, நடுவில் ஒரு சின்ன உட்கரு வைத்து ஓட்டப் போகிறேன். மகள் உட்கருவுக்கு என்ன நிறம் என்று இப்போதே கேட்கிறாள்.